கிழமை கேட்டவள்

ரோலண்ட் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து மார்லாவின் உதடுகளில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள். முந்தின நாள் முழுக்கத் திறக்காத கண்கள். அவை அவனைத் தேடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கராஜ் முன்னால் நின்ற அவளுடைய பழைய நீலக் காரில் போய் நிலைத்தன.

"இன்னிக்கு புதனா?" என்றாள்.

குரல் காகிதம் உரசுவதுபோல் இருந்தது. கேள்வி தெளிவாகவே இருந்தது.

புதன்கிழமைதான். வீட்டில் வேறு யாருக்கும் நினைவில்லாவிட்டாலும் ரோலண்டுக்கு நினைவிருந்தது. காலையில் விழித்ததிலிருந்து அது ஒன்றுதான் நினைவிருந்தது.

"இல்ல. செவ்வாய்," என்றான்.

அவள் சற்று யோசித்தாள். "அப்ப நாளைக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து டெஸ்ஸா எட்டிப் பார்த்தாள். அவர்களுடைய மூத்த பிள்ளை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். லீவு போட்டுவிட்டு இங்கேயே தங்கியிருந்தாள். "அம்மா ஏதோ பேசின மாதிரி இருந்துதே?"

"தண்ணி கேட்டா."

மகள் உள்ளே போனதும் ரோலண்ட் குச்சியைக் கிண்ணத்தில் போட்டான். இவ்வளவு நேரம் கழித்து வாயைத் திறந்தவள் புருஷனைக் கேட்கவில்லை. மகளைக் கேட்கவில்லை. செத்துப்போன மகன் கேலப்பைக்கூடக் கேட்கவில்லை. கிழமையைக் கேட்டாள்.

மார்லா பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்த்தவள். புதன் அவளுக்கு விடுமுறை. ரோலண்ட் வீடு வீடாகப் போய்த் தொட்டிகளில் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுபவன். புதன்கிழமைச் சுற்று வீட்டு வழியாகத்தான் போகும் என்பதால் பத்து மணி வாக்கில் காப்பிக்கு வண்டியை நிறுத்துவான். அப்போதெல்லாம் அவள் காருக்குள் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்காலமானால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு. ஒரு கை காதில். மறு கை காற்றை வெட்டும். சில நேரம் ஸ்டியரிங்கை ஓங்கி அறைவாள். சில நேரம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். பேசி முடித்து உள்ளே வரும்போது கன்னம் சிவந்து, கண் பளபளத்து, பசியோடு வருவாள். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே நேற்றைய இறைச்சியை வழித்துத் தின்பாள்.

கேலப் போனதிலிருந்து வீட்டுக்குள் அவள் கை அப்படி அசைந்து ரோலண்ட் பார்த்ததில்லை. சமையலறை ஜன்னலில் நின்று, சூடு ஆறும்வரை காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் பெண்டாட்டி இன்னொருவனோடு உயிரோடு இருப்பதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரே ஒரு தடவை கேட்டான்.

"யாரு அது?"

"எமெட். பிள்ளையைப் பறிகொடுத்த பெத்தவங்க கூட்டத்துல பழக்கம். அவருக்கும் பொண்ணு போயிடுச்சு. ஸ்கூல்லதான்."

"என்ன பேசுவீங்க?"

"என்னென்னவோ."

அந்த 'என்னென்னவோ' அவன் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. எமெட் என்கிறவனை அவன் மனதுக்குள் முழுசாக உருவாக்கி வைத்திருந்தான். தலைநகரத்துக்காரன். ஒல்லி. நரைத்த குறுந்தாடி, கம்பளிக் கோட்டு, மெத்தென்ற கைகள். சட்டசபைப் படிகளில் அட்டை பிடித்து நிற்பவன். துப்பாக்கிகளை ஒழிக்க வேண்டும் என்று மார்லா சொன்னால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறவன். அவளுக்கு எது கேட்கப் பிடிக்குமோ அதைச் சொல்லத் தெரிந்தவன்.

தனக்கு அது முடியாது. கேலப்பை அடக்கம் செய்த வாரத்தில் மார்லாவின் தம்பி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நாட்டிலுள்ள துப்பாக்கியை எல்லாம் உருக்கிச் சாக்கடை மூடி செய்ய வேண்டும் என்றான். "அந்தப் பையன் கத்தியோட வந்திருந்தா கத்தியையும் உருக்குவியா?" என்று ரோலண்ட் எழுந்தான். தட்டு உடைந்தது. கேலப்பின் வகுப்புப் பையன் ஒருவன், தன் அப்பா அலமாரியில் சும்மா சாய்த்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து கேலப்பைச் சுட்டிருந்தான். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் ஊரில் ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. ரோலண்ட் மேஜையைக் குத்தி, "இனிமே இந்த வீட்டுக்குள்ள துப்பாக்கி பத்தி ஒரு வார்த்தை கூடாது. யாரும்," என்றான். தரையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்த மார்லா நிமிராமலே "சரி" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்பவர்கள் அணியும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு தலைநகரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள். நவம்பரில் மான் வேட்டை தொடங்கும்போது அவன் நிலவறைப் பெட்டகத்திலிருந்து துப்பாக்கியை எடுப்பான். அவள் பிளாஸ்க்கில் காப்பி ஊற்றி, ரொட்டிக்கு நடுவே பன்றி இறைச்சி வைத்துக் கட்டிக் கொடுப்பாள். அதை அவன் புரிந்துகொள்ளுதல் என்று நினைத்திருந்தான்.

பத்து மணிக்கு மார்லாவின் போன் அதிர்ந்தது. ரோலண்ட் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அணைக்கவில்லை. அணைத்தால் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். நெஞ்சுக்கு மேல் அது துடித்து நின்றது. மறுபடி துடித்தது. வெளியே எங்கோ காட்டுப் பக்கம் வேட்டைக்காரர்களின் வெடிச்சத்தம் கேட்டது.

நர்ஸ் ஜோலீன் வந்து நாடி பார்த்தாள். மார்லாவின் பாதங்களைப் போர்வைக்கு வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள்.

"இன்னிக்குத்தான் ரோலண்ட். சாயந்திரம் தாண்டாது. பக்கத்துல உக்காந்து பேசுங்க. காது கடைசி வரைக்கும் கேக்கும்."

அவன் உட்கார்ந்தான். "கேஸ் அடுப்பு சரியாயிடுச்சு," என்றான். "மழை வரும் போல."

மதியத்துக்கு மேல் ஒரு இழுவை வண்டி வந்து நீலக் காருக்குப் பின்னால் நின்றது. கார்களைத் தூக்கிப்போகும் கொக்கி போட்ட வண்டி. கதவில் துப்பாக்கிப் படமும், 'முடிந்தால் பிடுங்கிப் பார்' என்ற வாசகமும். அதே ஸ்டிக்கர் ரோலண்டின் கருவிப் பெட்டியிலும் ஒட்டியிருக்கிறது. யாரோ வழி தவறி வந்துவிட்டான் என்று நினைத்து வாசலுக்குப் போனான்.

இறங்கியவன் கதவு அகலத்துக்கு இருந்தான். கையில் கிரீஸ் கறை. இடுப்பில் பிஸ்டல்.

"மார்லா வீடு இதுதானே? நான் எமெட்." மூச்சு வாங்கியது. "காலையில இருந்து அடிச்சிட்டிருக்கேன், எடுக்கல. புதன்கிழமை அவ எடுக்காம இருந்ததே இல்ல. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள்கூட எடுத்து என்னைத் திட்டினா. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

ரோலண்டின் பையில் போன் கனத்தது. "உள்ள இருக்கா," என்றான். "நெனவு இல்ல."

எமெட் தொப்பியைக் கழற்றினான். "ஒரு நிமிஷம் இருங்க." திரும்பிப் போய்ப் பிஸ்டலை உறையோடு கழற்றி, வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். "அவளுக்குப் பிடிக்காது."

தன் மனைவிக்கு எது பிடிக்காது என்பதை ஒரு அந்நியன் தன் வாசலில் நின்று தனக்குச் சொல்கிறான். ரோலண்ட் நிலையை விட்டு நகரவில்லை. நகர்ந்திருக்கவும் மாட்டான். ஆனால் பின்னாலிருந்து டெஸ்ஸா, "நீங்கதான் புதன்கிழமை எமெட்டா? வாங்க, வாங்க," என்றாள்.

ரோலண்ட் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா சொல்லியிருக்காங்கப்பா," என்றாள் அவள்.

எமெட் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தபோது அது முனகியது. அவன் மார்லாவின் கையைத் தொடவில்லை. அழவில்லை. முழங்கைகளை முட்டியில் ஊன்றிக்கொண்டு, பட்டறையில் பேசுகிற சத்தத்தில் பேசத் தொடங்கினான்.

"மார்லா, எமெட் வந்திருக்கேன். போன வாரம் என் வாயை அடைச்சிட்டு போனை வெச்சுட்டல்ல? வாரம் பூரா தூக்கம் இல்ல எனக்கு. துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும்னு சட்டம் போட்டா, திருடன் வந்து நிக்கிறப்ப நான் சாவியைத் தேடிட்டிருக்கணுமான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன? 'உன் வீட்டுக்கு எத்தனை தடவைடா திருடன் வந்தான், எத்தனை தடவை அலமாரியைத் திறக்கிற பதினாலு வயசுப் பையன் வந்தான்'னு. சரி. இப்ப பதிலைக் கேளு. என் பொண்ணு ஐவியைச் சுட்டவன் எவன் பூட்டையும் உடைக்கல. கடையில போய் முறையா வாங்கினான். அவனை எந்தப் பூட்டு நிறுத்தியிருக்கும்? ஸ்கூல் வாசல்ல துப்பாக்கியோட ஒருத்தன் நின்னிருந்தா நிறுத்தியிருப்பான். இருந்த ஒரே ஒரு காவல்காரனும் சாப்பிடப் போயிட்டான். சொல்லு. இதுக்கு என்ன சொல்ற?"

மார்லாவின் புருவங்கள் நெருங்கின. நடுவில் ஒரு கோடு விழுந்தது. உதடு லேசாக அசைந்து, நின்றது.

"பாத்தீங்களா?" என்றான் எமெட், சந்தோஷமாக. "கோவம் வருது."

ரோலண்ட் சுவரில் சாய்ந்து நின்றான். அந்த ஆள் பேசியது அவனுடைய பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை. லாரிக்குள் தனியாக, முன் கண்ணாடியைப் பார்த்து, அத்தனை வருடமும் அவன் பேசிய பேச்சு. அவளுடைய அந்தச் சுளிப்பு கல்யாணமான புதிதில் அவன் பார்த்தது. அது வந்தால் அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம், சண்டை முடிந்த பிறகு நல்ல இரவு நிச்சயம். கடைசியாக அது தனக்காக எப்போது விழுந்தது என்று நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

"வெளிய வாங்க," என்றான்.

சமையலறையில் ரோலண்ட் உட்காரச் சொல்லவில்லை. எமெட்டும் உட்காரவில்லை.

"உங்களுக்கும் அவளுக்கும் என்ன?"

எமெட்டுக்குக் கேள்வி புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கழுத்து சிவந்தது. "அய்யோ, அதெல்லாம் இல்லங்க. நான் அவளை நேர்ல பாத்ததே கொஞ்சந்தான். பிள்ளையைப் பறிகொடுத்த பெத்தவங்களை எல்லாம் சட்டசபை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. வாத்தியாருங்க துப்பாக்கி வெச்சுக்கலாம்னு ஒரு மசோதா. நான் வேணும்னு பேசினேன், அவ வேணாம்னு பேசினா. வெளிய வந்து நடைபாதையில சண்டை பிடிச்சுக்கிட்டோம். போலீஸ்காரன் வந்து பிரிச்சுவிட்டான். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்றா. 'நான் இன்னும் முடிக்கல'ங்கிறா."

டெஸ்ஸா சிரித்துவிட்டாள். ரோலண்ட் சிரிக்கவில்லை.

"அப்ப இத்தனை வருஷமும் சண்டையா போட்டீங்க?"

"வேற என்ன? என் பெண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. வீட்ல பேச ஆள் கிடையாது. மத்தவங்க எல்லாம் என்கிட்ட தலையைச் சாய்ச்சு, மெதுவா, கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடற மாதிரி பேசுவாங்க. உங்க மார்லா ஒருத்திதான் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டா." தொப்பியைக் கையில் சுழற்றினான். "உங்களைப் பத்தி அடிக்கடி கேப்பா."

"என்னைப் பத்தி உங்ககிட்டயா?"

"'எமெட், நான் இப்படிச் சொன்னா ரோலண்ட் என்ன சொல்லுவான்? அவன் வாயைத் திறக்க மாட்டான், நீ சொல்லு'ம்பா. நானும் எனக்குத் தோணினதைச் சொல்லுவேன். 'சரி, அவன் அதைச் சொன்னா நான் இதைச் சொல்லுவேன்'னு ஆரம்பிப்பா. பாதி நேரம் அவ யாரோட சண்டை போடறான்னு எனக்கே தெரியாது. நவம்பர்ல நீங்க காட்டுக்குப் போயிடுவீங்களாமே. அந்த நாள் எல்லாம் காலையில இருந்து கார்லயே உக்காந்திருப்பா. ரேடியோவை அலற விட்டுக்கிட்டு, வெடிச்சத்தம் கேக்காம. அப்ப மட்டும் புதன் இல்லாட்டியும் கூப்பிடுவா."

ரோலண்டுக்கு ரொட்டி கட்டிக் கொடுக்கும் அவள் கைகள் தெரிந்தன. மூலை மடித்து, இறுக்கி, ரப்பர் போட்டு.

இந்த ஆளை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு பெண்ணைத் தொட்டவனை அடிப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியும். தனக்கு வர வேண்டிய சண்டையை வாரா வாரம் வாங்கிக்கொண்டு போனவனை என்ன செய்வது? பையிலிருந்து மார்லாவின் போனை எடுத்து மேஜையில் வைத்தான்.

"காலையில கண்ணு முழிச்சா. இன்னிக்கு புதனான்னு கேட்டா. இல்ல, செவ்வாய்னு சொல்லிட்டேன்."

டெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எமெட் வெகுநேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் கடுத்தது. "நான் வெளிய வண்டியில இருக்கேன்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ரோலண்ட் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். எமெட் உட்கார்ந்த நாற்காலியில் உட்காராமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"மார்லா. இன்னிக்கு புதன்தான்."

மூச்சு போய், நின்று, யோசித்து, திரும்ப வந்தது.

"என்னோடது எல்லாம் பூட்டித்தான் இருக்கு. டெஸ்ஸா பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து. உனக்கே தெரியும். எவனோ ஒருத்தன் அலமாரியில சாய்ச்சு வெச்சான்னா அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? சொல்லு. நீ சட்டசபையில போய் நின்னு பேசினப்ப எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. லாரியை நிறுத்தி, உன் பெண்டாட்டி என்ன இப்படின்னு கேட்டாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருக்கணும். அவ சொல்றது தப்புன்னாவது சொல்லியிருக்கணும்." குரல் உயர்ந்துகொண்டே போனது. அவனுக்கே அது விசித்திரமாக இருந்தது. "தப்புதான் மார்லா. பாதி தப்பு. மீதிப் பாதி எனக்குத் தெரியல. நீ சொல்லேன். அவன்கிட்ட சொன்னல்ல, என்கிட்ட சொல்லு."

அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது வழவழப்பாக, ஒன்றும் எழுதாததுபோல் இருந்தது.

"ஏதாவது சொல்லு," என்றான்.

மூச்சு போனது. அவன் அடுத்ததற்குக் காத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே இழுவை வண்டிக்குள் எமெட் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், அடுத்தது இல்லை என்று ரோலண்ட் புரிந்துகொண்டான்.

சனிக்கிழமை அடக்கம். தேவாலயத்துக்கு வெளியே இரண்டு வகை ஆரஞ்சு தெரிந்தது. தலைநகரத்திலிருந்து வந்த பெண்கள் ஆரஞ்சு ரிப்பன் குத்தியிருந்தார்கள். ரோலண்டின் கூட்டாளிகளில் சிலர் காட்டிலிருந்து நேராக வந்ததால் தூரத்திலிருந்தே ஆள் தெரியப் போடும் ஆரஞ்சு வேட்டைத் தொப்பியைக் கையில் மடித்து வைத்திருந்தார்கள். உள்ளே ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். எமெட் கழுத்துக்குப் பத்தாத சட்டையில் டை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றான்.

"அவரை நம்ம வரிசைக்குக் கூப்பிடட்டுமாப்பா?" என்று டெஸ்ஸா காதருகில் கேட்டாள்.

"வேணாம். இது குடும்பத்து வரிசை."

அவள் அவன் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டாள்.

சாப்பாடு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில். பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, நடுங்கும் பச்சை ஜெல்லி. ரோலண்டிடம் ஒவ்வொருவராக வந்து தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோல் பேசினார்கள். அவன் எல்லோருக்கும் நன்றி சொன்னான். காப்பிப் பானை இருந்த பக்கத்தில் சத்தம் உயர்ந்தபோதுதான் நிமிர்ந்தான்.

"என் கிளாஸ்ல இருவத்திநாலு குழந்தைங்க இருக்கு," என்று டெஸ்ஸா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுக்கு மூக்கு ஒழுகுது, ஒண்ணுக்கு ஷூ லேஸ் அவுந்துடுது, ஒண்ணு என் மடியை விட்டு எறங்க மாட்டேங்குது. இடுப்புல துப்பாக்கியைச் சொருகிட்டு நான் எப்படி அதைத் தூக்கறது? சொல்லுங்க எமெட்!"

"நீ வெச்சுக்கன்னு யாரு சொன்னா? வெச்சுக்க முடிஞ்ச ஒருத்தர் இருக்கட்டும்னுதான் சொல்றேன்!"

"யாரு அந்த ஒருத்தர்? எங்க ஹெட்மாஸ்டரா? அவருக்கு காப்பி மெஷினையே போடத் தெரியாது!"

ரிப்பன் பெண்களும் வேட்டைக்காரர்களும் தட்டும் கையுமாக ஒரே பக்கம் பார்த்தார்கள். மார்லாவின் தம்பி எழுந்தான். போதகர் அவசரமாக ரோலண்டின் தோளைத் தொட்டார். "நான் போய்க் கொஞ்சம் சொல்றேன். இன்னிக்குப் போய் இதெல்லாம்..."

"விடுங்க பாஸ்டர்."

ரோலண்ட் தன் தட்டோடு எழுந்து நடந்தான். சுவரில் சாத்தியிருந்த மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து, தரை கிறீச்சிட இழுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜையருகே விரித்தான். இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"சாரிப்பா," என்றாள் டெஸ்ஸா. "இங்க வேணாம்னா நாங்க வெளிய போய்..."

அவன் உட்கார்ந்தான். எமெட்டைப் பார்க்காமல், தட்டையும் பார்க்காமல், மகளைப் பார்த்தான்.

"அங்க எனக்குச் சரியா கேக்கல," என்றான். "முதல்ல இருந்து சொல்லு."

டெஸ்ஸா காப்பிக் கோப்பைகளை ஓரமாக ஒதுக்கி, அவன் தட்டுக்கு இடம் செய்தாள்.